பார்சல் பிரித்த அக்கா

போன வருடம் ஐப்பசி மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்த நாட்களில் நடந்தது இது. கண்டியில், கட்டுகஸ்தோட்டைப் பக்கம் மேட்டில் இருக்கும் எங்கள் வீட்டில் தொடங்கி, தெல்தெனியவில் போய் முடிந்தது.

முதலில் என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் எதையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. முட்டை வாங்கினால் ஒவ்வொன்றையும் காதோடு வைத்து ஆட்டிப் பார்ப்பேன். தேங்காய் எண்ணெய்ப் போத்தலை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடிப்பேன். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் கண்ணை மூடினால், நிஜமாகத் தூங்குகிறாரா, என் பையில் கண் வைத்துக்கொண்டு நடிக்கிறாரா என்று யோசிப்பேன். வீட்டில் எனக்கு 'இன்ஸ்பெக்டர் அம்மா' என்று பட்டம். வைத்தது என் கணவர். நகரசபையில் கிளார்க்காக இருக்கிறார், யார் எதைச் சொன்னாலும் தலையாட்டிவிட்டு வருகிற மனிதர். வீட்டுக்கு ஒருவராவது சந்தேகப்பட வேண்டாமா?

பழைய சாரிகளை வெட்டி, துண்டுகளைச் சேர்த்து, உள்ளே மெல்லிய பருத்தித் துணி வைத்துக் குழந்தைப் போர்வை தைப்பதுதான் என் வேலை. கடை கிடையாது. ஒன்லைனில் ஒரு பக்கம் வைத்திருந்தேன். படம் போடுவேன், பார்த்தவர்கள் மெசேஜ் அனுப்புவார்கள், பிறகு தங்கள் சாரியை எனக்கு அனுப்புவார்கள்.

எங்கள் பக்கம் அதிகமானவர்கள் பார்சலை பஸ்ஸில்தான் போடுவார்கள். தங்கள் ஊரில் கொண்டக்டர் கையில் கொடுத்துவிட்டு, பஸ் நம்பரை நமக்கு அனுப்புவார்கள். நாம் கண்டி பஸ் ஸ்டாண்டில் போய் நின்று, அந்த பஸ் வந்ததும் இன்ன ஊர்ப் பார்சல் என்று கேட்டால் எடுத்துத் தருவார். முகவரியும் இல்லை, கையெழுத்தும் இல்லை. எனக்கு இந்த முறை துளியும் பிடிக்காது. எவள் வந்து கேட்டாலும் கொடுத்துவிடுவார்களே! ஆனால் எல்லோரும் அப்படித்தான் அனுப்புகிறார்கள், நான் மட்டும் என்ன செய்வது.

தெல்தெனியவில் இருந்து ஒரு முஸ்லிம் பெண் எழுதியிருந்தார். சொந்தப் பெயர் போடாமல், ஏதோ ஒரு பூவின் பெயரில், ரோஜாப் படத்தோடு கணக்கு வைத்திருந்தார். தலைப்பிரசவம், மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவருடைய உம்மா, அதாவது அம்மா, மௌத்தாகிவிட்டார், காலமாகிவிட்டார். உம்மாவின் நல்ல சாரி ஒன்றுதான் கைவசம் இருக்கிறது, பிள்ளை பிறந்தவுடன் அதில் சுற்றித்தான் தூக்க வேண்டும் என்று ஆசை, தைத்துத் தருவீர்களா என்று கேட்டார். எனக்கு மனசு இளகிவிட்டது. அனுப்புங்கள் என்றேன்.

பார்சலை வாங்க மழையோடு மழையாக பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். கொண்டக்டர் நீட்டிய பையை வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். நான் வருவேனா? அங்கேயே பிரித்தேன். இளம் பச்சைப் பட்டு, ஓரத்தில் மெல்லிய ஜரிகை. பஸ்ஸின் படியில் நின்றபடி மடிப்பு மடிப்பாக விரித்துப் பார்த்தேன். கொசுவம் வைக்கிற பகுதியில், உள்ளே, அயன் பட்டுக் கருகிய ஒரு தழும்பு இருந்தது. கட்டைவிரல் அளவு. உடனே கொண்டக்டரைக் கூப்பிட்டு, எனக்குத் தெரிந்த சிங்களத்தில், இதோ பாருங்கள், இது வரும்போதே இருந்தது, நாளைக்கு நான் சுட்டேன் என்று யாராவது சொன்னால் நீங்கள்தான் சாட்சி என்றேன். டிரைவர் ஹோர்ன் அடித்துத் தள்ளினார். ஜன்னலோரம் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். கொண்டக்டர் தலையில் அடித்துக்கொண்டு, பார்த்துவிட்டேன் அம்மா தாயே, இறங்குங்கள் என்றார். எனக்குத் திருப்தியாக இருந்தது.

சாரியைக் காற்றாட விரித்துப் போட்டு, பிறகு தலையணை உறையில் சுற்றி அலுமாரியில் வைத்தேன். முந்தானைப் பகுதி நடுவில் வரட்டுமா, ஓரத்தில் வரட்டுமா, நாளைக்கு வெட்டப் போகிறேன் என்று அவருக்கு எழுதினேன். பதில் வந்தது. போன் திரையின் மேலே முதல் வரி மட்டும் தெரிந்தது. 'அக்கா, வெட்ட வாணாம்...' அவ்வளவுதான். மீதியைப் படிக்கத் தொட்டேன். மெசேஜ் திறக்கவில்லை. உங்கள் கணக்கு பூட்டப்பட்டுள்ளது, நீங்கள் நீங்கள்தான் என்பதை உறுதிப்படுத்துங்கள் என்று ஒரு அறிவிப்பு வந்து நின்றது.

இது யார் செய்த வேலை என்றுதான் முதலில் எனக்குத் தோன்றியது. வத்தேகமயில் ஒரு பெண் துணிப்பை தைத்து விற்கிறாள். முன்பு ஒரு தடவை, போர்வைக்குள் என்ன துணி வைக்கிறீர்கள், எங்கே வாங்குகிறீர்கள் என்று குடைந்து குடைந்து கேட்டிருந்தாள். அவளாகத்தான் இருக்கும் என்றேன். கணவர் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே, "உனக்கு யார் மேலதான் சந்தேகம் இல்ல?" என்றார். அன்றைக்கு அவர் மேலும் கொஞ்சம் இருந்தது. என் போனை எடுத்து எதையாவது அமுக்கியிருப்பாரோ என்று.

சரி, நான் நான்தான் என்று காட்டிவிட்டால் போகிறது என்று உட்கார்ந்தேன். முகத்தை போனுக்கு நேரே காட்டு என்றது. காட்டினேன். இடப்பக்கம் திரும்பு, வலப்பக்கம் திரும்பு, மேலே பார் என்றது. கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட என்னை இப்படித் திருப்பிப் பார்க்கவில்லை. எல்லாம் செய்தபிறகு, உறுதிப்படுத்த முடியவில்லை என்றது. மழை இருட்டு காரணமாக இருக்குமோ என்று வெளியே குடை பிடித்துக்கொண்டு காட்டினேன். பொட்டை எடுத்துவிட்டுக் காட்டினேன். ஒன்றுக்கும் மசியவில்லை.

அடுத்தது அடையாள அட்டையைக் கேட்டது. என்னுடையது பழைய லெமினேட் அட்டை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது எடுத்த படம், இரட்டைச் சடை, பயந்த முழி. எழுத்தெல்லாம் சிங்களத்தில். அந்தப் பிள்ளையைப் பார்த்தால் எனக்கே யாரோ மாதிரி இருக்கும். அனுப்பினேன். பெயரும் பிறந்த திகதியும் கணக்கில் உள்ளவற்றோடு ஒத்துவரவில்லை என்று பதில் வந்தது.

பிறந்த திகதியா? அப்போதுதான் நினைவுக்கு வந்தது. போன் வாங்கிய நாளில், மடவளையில் போன் விற்கிற ஒரு கொமினிகேஷன் கடைக்காரர்தான் எல்லாவற்றையும் திறந்து தந்தார். நேரே போய் நின்றேன். என் கணக்கை வேறு யாருக்காவது விற்றுவிட்டாரோ என்று உள்ளுக்குள் ஒரு யோசனை. மனிதர் கதிரையை இழுத்துப் போட்டு, தேத்தண்ணி வரவழைத்து, ஒளிவு மறைவில்லாமல் சொன்னார்.

"எல்லாருக்கும் ஜனவரி ஒன்டுதான் போடுற, தங்கச்சி. மறக்காது தானே?"

அதாவது, அந்தக் கடையில் போன் வாங்கிய அத்தனை பேரும் ஒரே நாளில் பிறந்தவர்கள். கணக்குக்குக் கொடுத்த ஈமெயிலும் அவரே உண்டாக்கியது. அதன் பாஸ்வேர்ட் அவருடைய பழைய போனோடு போய்விட்டது. ஏசுவதா சிரிப்பதா என்று தெரியாமல் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்தேன். தேத்தண்ணி மட்டும் நன்றாக இருந்தது.

கணவருடைய போனில் இருந்து ஒன்லைன் குழு ஒன்றில் உதவி கேட்டு எழுதினேன். எழுதிக் கை எடுக்கவில்லை, ஒருவன் வந்தான். தான் அந்த நிறுவனத்திலேயே வேலை செய்வதாகவும், அடையாள அட்டையின் இரண்டு பக்கமும் போனுக்கு வருகிற இரகசிய இலக்கமும் அனுப்பினால் உடனே திறந்து தருவதாகவும் சொன்னான். உன் அடையாள அட்டையை முதலில் அனுப்பு என்றேன். போனவன் போனவன்தான். புதிதாக ஒரு கணக்குத் திறந்தேன். உங்களுக்கு ஏற்கெனவே ஒன்று இருக்கிறது என்று அதையும் மூடிவிட்டார்கள். பாருங்கள் கூத்தை! பழைய கணக்கைக் கேட்டால் நான் நான் இல்லையாம், புதிய கணக்கைத் திறந்தால் நான் நானேதானாம்.

இத்தனைக்கும் என் மனசில் கிடந்து உறுத்தியது அந்தப் பாதி வரிதான். வெட்ட வாணாம். ஏன்? எதுவரைக்கும்? வேறு யோசனையா? பிள்ளை பிறந்துவிட்டதா? அல்லது, சொல்லவே வாய் கூசுகிறது, ஏதாவது ஆகிவிட்டதா? கணவருடைய போனில் அந்தப் பூவின் பெயரைத் தேடினேன். ரோஜாப் படம் போட்டவர்கள் நாடு முழுக்க இருந்தார்கள்.

ஒரு சாயங்காலம் கணவர் வேலைவிட்டு வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்தார். கூட வேலை செய்பவரின் மனைவி ஒரு பெண்கள் குழுவில் பார்த்து, படம் பிடித்து அனுப்பினாராம். போனை நீட்டினார். நான் தைத்த போர்வையின் படம், என் பக்கத்தின் பெயர், அதற்குக் கீழே எல்லோரும் கவனமாக இருங்கள் என்று ஒரு பதிவு. உம்மாவின் சாரியைக் கொடுத்ததாகவும், வெட்டாமல் திருப்பித் தரச் சொல்லிக் கேட்ட அந்த நிமிஷமே நான் பக்கத்தை மூடிக்கொண்டு ஓடிவிட்டதாகவும் அந்தப் பெண் எழுதியிருந்தார். இப்படித்தான் பட்டைச் சுருட்டுவார்கள் என்று கீழே ஆளுக்கு ஆள் எழுதியிருந்தார்கள். கள்ளி என்று ஒருத்தி எழுதியிருந்தாள்.

வாழ்நாள் முழுக்க அடுத்தவர்களைச் சந்தேகப்பட்டவள் நான். என்னை ஒருவர் சந்தேகப்படுவது எப்படி இருக்கும் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அழுகையோடு இன்னொன்றும் தோன்றியது. அந்தப் பெண்ணின் இடத்தில் நான் இருந்திருந்தால் பதிவு போட்டதோடு நின்றிருப்பேனா? பொலிஸுக்கே போயிருப்பேன். அலுமாரியைத் திறந்து பார்த்தேன். சாரி வைத்த இடத்திலேயே இருந்தது. பிள்ளை பிறக்குமுன் இது அவர் கைக்குப் போகாவிட்டால், என் காலம் முழுக்க நான் கள்ளிதான் என்று நினைத்தேன். அந்தக் குழுவில் பதில் எழுதலாம் என்றால், பெண்கள் மட்டும் என்று கணவரின் கணக்கைச் சேர்க்க மறுத்துவிட்டார்கள். படம் அனுப்பியவரின் மனைவியை எழுதச் சொன்னால், கள்ளிக்கு வக்காலத்தா என்று தன்னையும் ஏசுவார்கள் என்று ஒதுங்கிவிட்டார்.

கடைசியாக ஒரு தடவை என்று மறுபடியும் என் கணக்கைத் திறக்கப் பார்த்தேன். இந்த முறை, நீங்கள் மனிதர்தான் என்று காட்ட, பஸ் உள்ள படங்களை எல்லாம் தொடுங்கள் என்றது. அதில் வந்த பஸ் ஒன்றும் நம் ஊர் பஸ் மாதிரி இல்லை. பளபளவென்று, ஒருவரும் தொங்காமல், சாமி படம் இல்லாமல். விரலைத் திரையில் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். பஸ்! சாரி வந்தது பஸ்ஸில் அல்லவா? இவ்வளவு நாளும் போனுக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கிறேனே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் சாரியைத் தலையணை உறையோடு பையின் அடியில் வைத்து, மேலே ஒரு துவாயைப் போட்டு, இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கண்டிக்குப் போனேன். பஸ் நம்பர் பூட்டிய கணக்குக்குள் கிடந்தது. கொண்டக்டரின் முகமும் சரியாக நினைவில்லை. தெல்தெனிய பஸ் வந்து நிற்கும் இடத்தில் போய் நின்றுகொண்டு, இறங்குகிற ஒவ்வொரு கொண்டக்டரையும் உற்று உற்றுப் பார்த்தேன். அவர்களும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். வரிசையில் நின்ற ஒரு பெண் தன் கைப்பையை மறுபக்கம் மாற்றிக்கொண்டாள். நானாக இருந்தாலும் மாற்றியிருப்பேன்.

என்னை முதலில் கண்டுபிடித்தது அவர்தான். ஒரு பஸ்ஸின் பின்கதவில் தொங்கிக்கொண்டு வந்தவர், இறங்கியதும் இறங்காததுமாக என்னைப் பார்த்து விரலை நீட்டினார். பார்சல் பிரித்த அக்கா நீங்கள்தானே, உங்களால் நான் படுகிற பாடு போதும் என்று சிங்களத்தில் பொரிந்து தள்ளினார். சாரி அனுப்பிய பெண்ணும் அவருடைய மதினியும் தெல்தெனியவில் பஸ்ஸை மறித்து, எங்கள் பார்சலை யாருக்குக் கொடுத்தாய், நீயும் கூட்டா என்று கேட்டிருக்கிறார்கள். பயணிகள் முன்னால் மானம் போய்விட்டது என்றார். நான் இனி கண்ணில் பட்டால் சொல்லச் சொல்லி, அந்தப் பெண் தன் போன் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

நம்பரைத் தாருங்கள் என்றேன். மாட்டேன் என்றார். ஒரு பொம்பிளைப் பிள்ளையின் நம்பரை உங்களை நம்பி எப்படித் தருவது என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் சரியான பதில். நான் பையைத் திறந்து, துவாயை விலக்கி, பச்சைப் பட்டின் ஓரத்தைக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு தன் போனை எடுத்து, தானே பேசினார்.

அந்தப் பக்கம் நம்பவில்லை என்பது அவருடைய பேச்சிலேயே தெரிந்தது. வேறு யாரோ என் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்திருப்பார்கள் என்று சொன்னார்கள் போலிருக்கிறது. கொண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு விவரம் சொன்னார். படியில் நின்று சாரியை விரித்தது, சுட்ட இடத்தைக் காட்டித் தன்னைச் சாட்சிக்கு இழுத்தது, டிரைவரிடம் ஏச்சு வாங்கியது, இப்போதும் பையை யாரோ பறிக்கப் போகிற மாதிரி கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பது, எல்லாம் ஒன்றுவிடாமல். கடைசியில், "ஏ அக்கா தமய்" என்றார். அதே அக்காதான்.

முகத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டியும் கிடைக்காத ஒன்று எனக்கு அந்த பஸ் ஸ்டாண்டில் கிடைத்தது. கண்ணீர் வந்துவிட்டது. மழை என்று சமாளித்தேன். அதே பஸ்ஸில் ஏறினேன். டிரைவருக்குப் பின்னால் இருந்த இருக்கையைக் காட்டி, இங்கேயே இருங்கள், தெல்தெனிய வருமுன் இறங்கிவிடக் கூடாது என்றார் கொண்டக்டர். அவருக்கும் என் மேல் முழு நம்பிக்கை இல்லை என்பது ஒரு விதத்தில் எனக்கு ஆறுதலாக இருந்தது. விக்டோரியாத் தண்ணீர் தெரிகிற வளைவுகளில் எல்லாம் அவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

தெல்தெனியவில் இறங்கினேன். நிறைமாத வயிறோடு குடை பிடித்துக்கொண்டு அந்தப் பெண் நின்றார். பக்கத்தில் மதினி. சுகமா, வந்தீர்களா ஒன்றும் இல்லை.

"சாரி எங்க?" என்றார்.

நான் பையைக் கொடுத்திருக்க வேண்டும். இவ்வளவும் பட்ட பிறகு யாராக இருந்தாலும் கொடுத்துவிட்டு அழுதிருப்பார்கள். ஆனால் என் புத்தி என்னை விடவில்லை. இந்தப் பெண்ணின் முகத்தை நான் முன்பின் பார்த்ததில்லை. இவர்தான் அவர் என்று எனக்கு எப்படித் தெரியும்?

"கோவிச்சுக்காதீங்க தங்கச்சி. இந்தச் சாரியில ஒரு அடையாளம் இருக்கு. அது எங்கன்னு சொல்லுங்க, குடுத்துர்றேன்," என்றேன்.

மதினிக்குக் கோபம் வந்துவிட்டது. களவெடுத்தவள் கேள்வி வேறு கேட்கிறாளா என்று குரலை உயர்த்தினார். அந்தப் பெண் கையைக் காட்டி மதினியை நிறுத்தினார். என்னையே பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"கொசுவத்துக்கு உள்ளுக்கு. நான்தான் சுட்ட. சின்ன வயசுல, பெருநாளைக்கு உம்மாக்கு அயன் பண்ணிக் குடுக்கப் போய். உம்மா ஏசவே இல்ல. உள்ளுக்குப் போயிரும், ஒத்தருக்கும் வெளங்காதுன்னு சொல்லிட்டு, அதையே உடுத்திட்டுப் போனா."

பையை அப்படியே அவர் கையில் வைத்தேன்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? அங்கேயே, பஸ் தரிப்பிடத்தின் கூரைக்குக் கீழே, உறையை உருவி, சாரியை மடிப்பு மடிப்பாகப் பிரித்துப் பார்த்தார். ஜரிகையைத் தடவிப் பார்த்தார். முந்தானையை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். மதினி ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டார். சுட்ட தழும்பு வந்ததும் அதன்மேல் பெருவிரலை வைத்துக்கொண்டு நின்றார். பஸ்ஸின் படியில் நின்றிருந்த கொண்டக்டர் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். இன்னொருத்தியா என்று அர்த்தம்.

வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள். போகும்போதுதான் விஷயம் தெரிந்தது. இந்த ஒன்லைன்காரர்கள் நல்ல பட்டை வைத்துக்கொண்டு வேறு துணியில் தைத்துத் தருவார்கள் என்று மதினி சொல்லியிருக்கிறார். அதில் பயந்துதான் வெட்ட வாணாம், திருப்பி அனுப்புங்கள் என்று எழுதியிருக்கிறார். எழுதிய கையோடு என் பக்கம் மறைந்துவிட்டது. நான் பட்ட பாட்டையெல்லாம் சொன்னேன். ஜனவரி ஒன்றாம் திகதிக் கதையைக் கேட்டு மதினிகூடச் சிரித்துவிட்டார். தன் பிறந்தநாளும் போனில் ஜனவரி ஒன்றுதான் என்றார்.

சாரி கைக்கு வந்துவிட்டது, இனிப் போர்வை வேண்டாம் என்று சொல்வார் என்றுதான் நினைத்தேன். நானும் எழும்பப் பார்த்தேன். அந்தப் பெண் பாயை விரித்து, அதன்மேல் சாரியை விரித்தார்.

"போர்வை வேணும் அக்கா. ஆனா எனக்கு முன்னுக்கு வெச்சி வெட்டுங்க. எல்லாத் துண்டையும் நான் பாக்கணும்."

எனக்குக் கோபமே வரவில்லை. நான் கேட்டிருக்கக்கூடிய அதே வார்த்தை அது. கத்தரிக்கோல் எப்போதும் என் பையில் இருக்கும். அளந்து, சோக்குக்கட்டியால் கோடு போட்டேன். சுட்ட பகுதியைக் காட்டி, வழக்கமாக இப்படிப்பட்ட துண்டைக் கழித்துவிடுவேன், என்ன செய்ய என்று கேட்டேன். அதையும் போடுங்கள், பிள்ளையின் கை படுகிற இடத்தில் போடுங்கள் என்றார். ஒரு நுனியை அவர் பிடித்துக்கொண்டார். கத்தரிக்கோலை வைத்து நிமிர்ந்து பார்த்தேன். கண்முன்னால் வெட்ட வேண்டும் என்று சொன்னவர், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார்.

வெட்டி முடிகிறவரை அவர் திறக்கவில்லை. நான் துண்டுகளை எண்ணி அடுக்கி, பார்த்துக்கொள்ளுங்கள் தங்கச்சி என்றபோது, "நீங்க கொண்டு போங்க அக்கா" என்றார். எண்ணவும் இல்லை, தொட்டுப் பார்க்கவும் இல்லை.

தைத்து முடித்த போர்வையை அதே கொண்டக்டர் கையில்தான் கொடுத்தனுப்பினேன். பிரித்துப் பார்க்கிறீர்களா என்று கிண்டல் செய்தார். பெண் குழந்தை பிறந்தது என்று கணவருடைய போனுக்குப் படம் வந்தது. பச்சைப் போர்வைக்குள் ஒரு சின்ன முகம். அந்தப் பதிவை அவர் எடுத்துவிட்டார். ஆனால் அதற்கு முன் படித்தவர்கள் படித்தவர்கள்தான், இன்றும் சிலர் அது நீங்கள்தானா என்று கேட்கிறார்கள். என் கணக்கு இதுவரை திறக்கவில்லை. யார் பூட்டினார்கள், ஏன் பூட்டினார்கள் என்று யாரும் சொல்லவும் இல்லை. வத்தேகமப் பெண் மேல் எனக்கு இன்னும் ஒரு சின்னச் சந்தேகம் இருக்கத்தான் செய்கிறது.

இப்போதும் முட்டையை ஆட்டித்தான் பார்க்கிறேன், எண்ணெயை வெளிச்சத்தில் பிடித்துத்தான் பார்க்கிறேன். ஆனால் யாராவது என்னை மேலும் கீழும் பார்த்து நீங்கள் யார் என்று கேட்டால் முன்போல் கோபம் வருவதில்லை. என் கத்தரிக்கோலுக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டிருந்த அந்த முகம் நினைவுக்கு வரும், நிதானமாகப் பதில் சொல்லிவிடுவேன்.